ஃப்ளாம்போவின் சாவி

அரீமா
நவம்பர் 9

அன்புள்ள ரோஸான் அக்காவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய்து கொடு. இதை யாரிடமும் காட்டக் கூடாது. ட்ரெவர் அத்தானிடம்கூட. படித்ததும் அழித்துவிடு. கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தால் அப்பா வந்துவிடுவார் என்று போர்வைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மைக்காவுக்குப் பல் வந்துவிட்டதா?

நீ கேட்டதை ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஃப்ளாம்போவை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாய். அக்கா, எனக்குப் பதினாறு வயது. மே மாதம் பரீட்சை. உன் ப்ரோகிராமில் நான் செய்தது நாலைந்து பிழைகளைத் திருத்தியதுதான். அதுவும் சொந்தப் பெயரில் இல்லை, 'புளியுருண்டை' என்ற பெயரில். கிரெனடாவிலிருந்து ஜப்பான் வரைக்கும் எத்தனையோ பேர் அதில் பாட்டைப் போட்டு, எந்தக் குச்சி பானின் எந்த வட்டத்தில் விழ வேண்டும் என்று திரையில் பார்த்து நம் ஊர் இரும்பு வாத்தியமான ஸ்டீல்பான் பழகுகிறார்கள். அவ்வளவு பேருக்கும் நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

அதைவிடப் பெரிய பயம் அப்பா. போன ஞாயிறு காலை அம்மா வாய் தவறி உன் பெயரை எடுத்துவிட்டாள். "ரோஸான் பண்ணின அந்தச் சமாசாரம் இப்ப உலகம் பூரா ஓடுதாமே."

அப்பா கடித்த டபுள்ஸ் ரொட்டியைக் காகிதத்தில் திரும்ப வைத்தார். "பாட்டு காது வழியா வரணும், கை வழியா போகணும். நடுவுல மெஷின் எதுக்கு? மெஷின்ல ஏத்திட்டா அது ஊர்ச் சொத்து. எவன் வேணா அள்ளிட்டுப் போவான்."

அதற்கப்புறம் அவர் சாப்பிடவே இல்லை. காஸ்கடூ ஸ்டீல் பாண்டின் கேப்டனுடைய மகள் ராத்திரியில் என்ன செய்கிறாள் என்று தெரிந்தால் என்ன ஆகும், நீயே சொல்.

மைக்காவின் கன்னத்தில் என் சார்பாக ஒரு முத்தம்.

டெனீஷா

---

ஹாமில்டன்
நவம்பர் 17

டெனி குட்டிக்கு,

நாங்கள் சுகம். இங்கே பனி தொடங்கிவிட்டது. மைக்காவுக்குக் கீழே இரண்டு பல், கடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். ட்ரெவர் வேலை விஷயமாக வெளியூரில். அத்தை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா?

நான் உன்னை அரியணையில் உட்காரச் சொல்லவில்லை. நம் பாண்ட் பழகும் யார்டைப் பெருக்கும் துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறேன். ஃப்ளாம்போ யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை நமக்கு அனுப்பலாம். அப்படி வருவதில் எதை உள்ளே விடுவது, எதை விடக் கூடாது என்று பார்க்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளிடம்தான் சாவி இருக்கும். என்னிடம் இருந்தது. இப்போது என்னால் முடியவில்லை. பிள்ளை தூங்கினால் நானும் தூங்கிவிடுகிறேன். பதில் போடாத கேள்விகள் மலையாகக் கிடக்கின்றன.

ஏன் நீ என்று கேட்காமல் கேட்கிறாய். ஆன்டிகுவாவிலிருந்து ஒருவர் திட்டி எழுதியபோது, 'எனக்குத் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினாய். மறுநாள் பார்த்துச் சொன்னாய். என்னைவிட நிரல் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிச் செய்தவர்களை நான் பார்க்கவில்லை.

உன்னுடைய சாவியை இன்று அனுப்பியிருக்கிறேன். டபுள் செகண்ட்ஸ் ஜோடிப் பானுக்கு வரும் பிழையிலிருந்து தொடங்கு. ஒன்றை மட்டும் மறக்காதே: வெறும் ஸ்வர வரிசையை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதே. நிஜப் பாட்டைப் போட்டுச் சோதித்துப் பார். வேகம் வரும்போதுதான் ஓட்டை தெரியும்.

மாமா எப்படி இருக்கிறார்? இதை நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் ரோஸான்

---

அரீமா
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. பள்ளிப் பரீட்சை, அது முடிந்தால் யார்ட், யார்ட் முடிந்தால் தூக்கம்.

யார்ட் இந்த வருஷம் சிறைச்சாலை மாதிரி இருக்கிறது. அப்பா கேட்டில் ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறார். உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். முதல் நாளே பேஸ் பான் வாசிக்கும் வெர்லின் ஆன்ட்டி வம்புக்கு இழுத்தாள்.

"ஏன் கேப்டன், வாளியில போட்டா என் போன் நீச்சல் கத்துக்குமா?"

"அதுல தண்ணி இல்ல வெர்லின்."

"உன் மூஞ்சியிலயும்தான் சிரிப்பு இல்ல. அந்த மூஞ்சியையும் தினம் கொண்டு வர்றியே, அப்படியே வாளியில போட்டுட்டு வாயேன்."

டிரம் அடிக்கிற பையன்கள் இரும்பைத் தட்டிச் சிரித்தார்கள். அப்பாவுக்கும் உதடு கோணியது. ஆனாலும் போன் வாளிக்குத்தான் போயிற்று.

எல்லாம் மிஸ்டர் ஒட்லி கட்டியது வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. பாட்டு என்னவோ பொதுதான், ரேடியோவில் ஓடும் கலிப்சோ. ஆனால் நடுவில் அவர் ஒரு துண்டு கட்டியிருக்கிறார் அக்கா. பாட்டு அழப் போகிறது என்று நினைக்கும்போது திரும்பி நின்று சிரிக்கும். சாயங்காலங்களில் வேலிக்கு வெளியே ஊர் நின்று கேட்கும்போது அந்தத் துண்டை வாசிக்க மாட்டோம், தாண்டிப் போய்விடுவோம். ஞாயிறு காலை, ஊர் தேவாலயத்தில் இருக்கும்போது, கேட்டைச் சாத்திவிட்டு மட்டும் வாசிப்போம். பனோரமா போட்டி மேடையில்தான் உலகம் அதைக் கேட்க வேண்டும்.

உன் வேலைக்கு வருகிறேன். டபுள் செகண்ட்ஸ் பிழை தீர்ந்தது! இரண்டு கைகளும் குறுக்கே போகும் இடத்தில் திரை வலது கையை இடது என்று காட்டிக்கொண்டிருந்தது. நீ சொன்னபடி நிஜ மெட்டைப் போட்டுச் சோதித்தேன். கைகள் நிறையக் குறுக்கே போகிற, வேகமான மெட்டு. வேறு எதிலும் பிழை அகப்படவில்லை, இதில் உடனே அகப்பட்டது. நேற்று எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிட்டேன். எந்த மெட்டு என்று கேட்காதே.

மைக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

டெனீஷா

---

ஹாமில்டன்
டிசம்பர் 23

டெனி குட்டிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பிளாக் கேக் செய்தேன். தனியாகச் செய்ததால் பழம் கிளறிக் கிளறிக் கை கழன்றுவிட்டது. சோரல் பூ இங்கேயும் கிடைக்கிறது, சர்பத்துக்கு நம் ஊர் நிறம்தான் வரவில்லை. மைக்காவும் நானும் சுகம்.

உன் திருத்தத்தைப் பார்த்தேன். சுத்தமான வேலை. இன்று காலை புதிய வெளியீட்டை அனுப்பிவிட்டேன். நீ சோதித்த அந்த மெட்டு இருக்கிறதே, அதைப் போட்டால் மைக்கா அழுகையை நிறுத்துகிறான். நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது இன்னும் பல பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். ஃப்ளாம்போவை முதல் தடவை திறந்தால் கடைசியாகச் சேர்த்த மெட்டுதானே பாடமாக வரும். அதை நான்தான் அந்தக் காலத்தில் அப்படி வைத்தேன்.

கேட்காதே என்றாய். இருந்தாலும் கேட்கிறேன்: யார் கட்டியது?

அத்தைக்கும் மாமாவுக்கும் பண்டிகை நல்லபடியாக இருக்கட்டும்.

ரோஸான்

---

ஹாமில்டன்
ஜனவரி 2

டெனி,

புது வருஷ வாழ்த்து. உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா?

நேற்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். ஃப்ளாம்போவின் புதிய பராமரிப்பாளர் புளியுருண்டை. என் சாவியை அழித்துவிட்டேன். இரண்டு பேரிடம் சாவி இருந்தால், மற்றவர் பூட்டிவிடுவார் என்று இருவருமே தூங்கிவிடுவோம்.

எங்கள் முகவரி மாறிவிட்டது. இந்த வீடு சிறியது. மைக்காவுக்கும் எனக்கும் போதும்.

சுகத்துக்கு ஒரு வரி எழுது.

ரோஸான்

---

அரீமா
ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். புது வீட்டில் குளிர் அதிகமா? ட்ரெவர் அத்தான் ஊரிலிருந்து வந்துவிட்டாரா?

ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சோதனை மெட்டை நீக்கிவிட்டேன். ஆனால் திருத்த வரலாற்றைத் திறந்தால் 'டிசம்பர் 13, புளியுருண்டை சேர்த்தது' என்று அப்படியே நிற்கிறது. சொடுக்கினால் மெட்டு ஒலிக்கிறது. சேர்க்கவே இல்லை என்பது போல அடியோடு அழிக்க வழி உண்டா? சீக்கிரம் சொல். காரணம் கேட்காதே. கும்பிட்டுக் கேட்கிறேன்.

டெனீஷா

---

ஹாமில்டன்
ஜனவரி 9

டெனி குட்டிக்கு,

சுகம். குளிர் பழகிவிட்டது.

வழி உண்டு. கீழே எழுதியிருக்கிறேன், ஆறு கட்டளைகள்தான். பராமரிப்பாளர் மட்டுமே செய்ய முடியும். அதாவது நீ மட்டும்.

செய்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள். வரலாறு கோத்த மணி மாதிரி. நடுவில் ஒன்றை உருவினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் வேறு மணிகளாகிவிடும். உலகெங்கும் இருக்கிற பிரதிகளோடு நம்முடையது ஒத்துப்போகாது. எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். அவர்கள் கையில் இருக்கிற பிரதிகளை நீ அழிக்கவும் முடியாது.

நீ மெட்டு எது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் குட்டி, நேற்று அதை மறுபடி மறுபடி கேட்டேன். நான் பத்து வருஷம் அந்த யார்டில் வாசித்தவள். ஒட்லியின் கை எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா?

ரோஸான்

---

அரீமா
ஜனவரி 17

அக்கா,

இதையும் யாரிடமும் காட்டாதே. நலம் விசாரிக்கக்கூட மனசில்லை, மன்னித்துவிடு.

ஆமாம். அது மிஸ்டர் ஒட்லியின் துண்டுதான். ஞாயிறு காலை கேட்டதை மனசுக்குள் வைத்துக்கொண்டு வந்து போட்டேன். நீ நிஜப் பாட்டு என்றாய். என் கையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த நிஜப் பாட்டு அது ஒன்றுதான். சோதனை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ வெளியீடு அனுப்புவாய், அது முதல் பாடமாகப் போய் உட்காரும் என்று தோன்றவே இல்லை.

கரியாக்கூ தீவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஃப்ளாம்போவை இறக்கியிருக்கிறார்கள். முதல் பாடம் என்று அதையே பழகி, போன வாரம் தேவாலயத்தின் முன்னால் வாசித்திருக்கிறார்கள். சீருடையில் பன்னிரண்டு பிள்ளைகள். அழகாக வாசிக்கிறார்கள் அக்கா, அதுதான் கொடுமை. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது.

வியாழக்கிழமை அது எங்கள் யார்டுக்கு வந்தது. அதற்கு முந்தின நாள்தான் பனோரமாவின் முதல் சுற்றுக்காக நடுவர்கள் யார்டுக்கே வந்து கேட்டிருந்தார்கள், அவர்களுக்காக முதல் தடவை கேட்டைத் திறந்து முழுப் பாட்டையும் வாசித்திருந்தோம். வேலியில் நின்று கேட்டவர்களில் யாரோ நாங்கள் வாசித்ததையும் அந்த வீடியோவையும் சேர்த்துப் போட்டு, 'காஸ்கடூ சின்னப் பிள்ளைங்க மெட்டைத் திருடிச்சா?' என்று எழுதிவிட்டார்கள். காலையில் ரேடியோவிலும் சிரித்தார்களாம்.

மிஸ்டர் ஒட்லி வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பேஸ் டிரம்மின் மேல் உட்கார்ந்தார். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். "பசங்க நல்லாத்தான் வாசிக்குதுங்க" என்றார். அப்புறம், "அந்தத் துண்ட எடுத்துடலாம் ஃபிட்ஸ்ராய். திருட்டுப் பட்டத்தோட நான் சவான்னாவில போட்டி மேடையில ஏற மாட்டேன்."

"எடுத்துட்டா திருடினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்றார் அப்பா.

"வெச்சிக்கிட்டா மட்டும்? நம்மதுதான்னு எப்படிச் சொல்லுவ? எந்தக் காகிதத்துல இருக்கு? என் தலைக்குள்ள இருந்தது, உங்க கைக்குப் போச்சு."

அந்த நேரம் பார்த்து வெர்லின் ஆன்ட்டியின் சட்டைக்குள் போன் அடித்தது. வாளியில் போட்டது பழைய போன். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அதனால் இன்னொன்றை ஒளித்து வைத்திருந்தாள்.

அப்பா அவளைப் பார்த்த பார்வை! "நீயா?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? எங்கம்மா மூச்சு விடுறாளா இல்லையான்னு தெரிஞ்சிக்க வெச்சிருக்கேன்."

"இத்தன நாள் அத்தன சிரிப்பு சிரிச்சியே, இதுக்குத்தானா?"

வெர்லின் ஆன்ட்டி போனை மறுபடி சட்டைக்குள் போட்டாள். குச்சிகளைத் துணியில் சுற்றினாள். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். நான்தான் போட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் அக்கா. பான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது யாரோ, அந்த மெட்டு ஃப்ளாம்போவில் பாடமாக இருந்தது, யார் போட்டார்கள் என்று தேடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே அழித்துவிட்டால் யாரும் அவ்வளவு சுலபமாக என்னைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆறு கட்டளைகளையும் தட்டி வைத்திருக்கிறேன். கடைசியை அழுத்தத்தான் வேண்டும்.

அழுத்தட்டுமா?

டெனீஷா

---

ஹாமில்டன்
ஜனவரி 18

டெனி குட்டிக்கு,

மைக்காவும் நானும் சுகம்.

அழுத்து என்றும் சொல்ல மாட்டேன், அழுத்தாதே என்றும் சொல்ல மாட்டேன். சாவி உன்னுடையது. நான் சொல்லி நீ செய்தால் அது இன்னும் என்னிடம் இருப்பதாகத்தான் அர்த்தம்.

ஒட்லி கேட்டாரே, எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று. அதை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார். அப்புறம் அந்த வீடியோவின் தேதியைப் பார்.

முதலில் வெளியீட்டை அனுப்பியது நான். தேவைப்பட்டால் என் பெயரையும் எழுது.

ரோஸான்

---

அரீமா
ஜனவரி 21

அன்புள்ள ரோஸான் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதலாம். இன்று ராத்திரி வரை அது உண்மை.

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் யோசித்தேன். கரியாக்கூ பிள்ளைகள் வாசித்தது ஜனவரியில். வரலாற்றில் இருப்பது டிசம்பர் 13. அந்தத் தேதியை நான் மாற்றினேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதே வரி ஜப்பானிலும் ஆன்டிகுவாவிலும் எல்லோருடைய பிரதியிலும் இருக்கிறது. மிஸ்டர் ஒட்லியிடம் இல்லாத காகிதம் அதுதான். அதை அழித்தால் நான் ஒருவேளை தப்பிக்கலாம், அவர் திருடராகவே இருப்பார். வெர்லின் ஆன்ட்டி வெளியிலேயே இருப்பாள்.

ஆனால் டிசம்பர் 13 என்று மட்டும் இருந்து என்ன? அதற்கு எதிரே நிற்பது புளியுருண்டை. ஒரு புளியுருண்டை எப்படி எங்கள் யார்டுக்குள் வந்தது என்று யார் சொல்வது?

பழைய பக்கங்களைத் தேடிக்கொண்டே அடிவரைக்கும் போய்விட்டேன். உன்னுடைய முதல் வரியைப் பார்த்தேன் அக்கா. நீ இங்கே பின் அறையில் தங்கியிருந்த வருஷம். 'தொடக்கம். ஃபிட்ஸ் மாமாவுக்காக. இசை நோட் படிக்கத் தெரியாது என்பதால் இனி அவர் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம்.'

இதை அப்பாவிடம் நீ சொல்லவே இல்லையா? அவர் கேட்கவே இல்லையா? நீங்கள் சண்டை போட்ட அன்று நான் அடுக்களையில் இருந்தேன். மெஷின், மெஷின் என்று அவர் கத்தியது மட்டும் ஞாபகம். நீ பெட்டியை மூடும் சத்தம் ஞாபகம்.

இன்று எட்டு மணிக்கு ஃப்ளாம்போவின் முதல் பக்கத்தில் இதைப் போட்டேன்:

'கரியாக்கூ பிள்ளைகள் வாசித்த மெட்டு டெஸ்மண்ட் ஒட்லி கட்டியது. காஸ்கடூ ஸ்டீல் பாண்டுக்குச் சொந்தமானது. டிசம்பர் 13 அன்று, அவரைக் கேட்காமல், அதை இங்கே சேர்த்தது நான். வரலாற்றில் பார்க்கலாம், எதையும் அழிக்கவில்லை, அழிக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகள்மேல் தவறில்லை. பாண்டில் வேறு எவர்மேலும் தவறில்லை. இனி ஒரு மெட்டு உள்ளே வர வேண்டுமென்றால் கட்டியவர் சம்மதம் வேண்டும். டெனீஷா குவாமினா, பராமரிப்பாளர், அரீமா.'

உன் பெயரை எழுதவில்லை. வெளியீட்டை அனுப்பியது நீ. மெட்டை எடுத்தது நான்.

கரியாக்கூவிலிருந்து அவர்கள் டீச்சர் உடனே பதில் போட்டார். 'எங்க பிள்ளைங்க ஒட்லி ஐயாகிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணுமாம், முடிஞ்சா அந்தத் துண்டோட கடைசி ரெண்டு வரியையும் கேக்கணுமாம்' என்று. அந்த இரண்டு வரியை நான் போடவில்லை. அதாவது அவர்களுக்கு இன்னும் முடிவு தெரியாது. அதை நினைத்து எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஒன்பது மணியிலிருந்து அப்பாவின் போன் விடாமல் அடிக்கிறது. வெர்லின் ஆன்ட்டியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "கேப்டன், உன் வீட்டுக்குள்ளயே ஒரு வாளி வெச்சிருக்கணும்டா" என்றாள். அப்பா போனை வைத்தார். அப்புறம் அம்மாவிடம் ஏதோ படிக்கச் சொல்லிக் கேட்டார். அம்மா மெதுவாகப் படித்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தப்புத் தப்பாகத் தட்டித் திருத்தித் திருத்தி எழுதுகிறேன். யார்டிலிருந்து என்னை நிறுத்தலாம். பனோரமாவுக்கு அழைத்துப் போகாமல் விடலாம். லேப்டாப்பை வாங்கிக்கொண்டால் ஃப்ளாம்போ என்ன ஆகும் என்று தெரியவில்லை. அப்படி ஆனால் பத்து நாளைக்கு நீ மட்டும் கேள்விகளுக்குப் பதில் சொல். சாவியைத் திருப்பித் தர மாட்டேன், சும்மா பதில் மட்டும்.

அவர் வந்தால் முதலில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். என்னுடைய வரியை இல்லை. அடியில் இருக்கிற உன்னுடைய வரியை. திரையில் அதைத்தான் திறந்து வைத்திருக்கிறேன். அதைப் படிக்க அவருக்கு நோட் தெரிய வேண்டியதில்லை.

நாற்காலி நகர்ந்தது. கூடத்து விளக்கு எரிகிறது.

போர்வையை எடுத்துவிட்டேன் அக்கா. விளக்கையும் போட்டுவிட்டேன். மைக்காவுக்கு என்

தட்டுகிறார். இப்படியே அனுப்புகிறேன். கதவைத் திற